கொப்பளிக்காத வாயும் கையெழுத்திடாத சான்றும்

தார்நாகா பல் மருத்துவப் பிரிவில் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் இளைய மருத்துவர்களுக்கு,

உங்களுக்குக் கற்றுத்தர என்னிடம் தொழில்நுட்பம் எதுவும் மிச்சமில்லை. நான் பழகிய கருவிகளில் பாதியை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள். நீங்கள் கையாளும் கருவிகளில் பாதிக்கு எனக்குப் பெயர் தெரியாது. ஆனால் நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்தபடி காத்திருக்க, அவர் மனைவி கதவோரம் நின்று உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, மேசைமேல் தொலைபேசி விடாமல் அடிக்க, முடிவை நீங்கள் ஒருவரே எடுத்தாக வேண்டிய வேளை ஒன்று வரும். அந்த வேளை மட்டும் என் காலத்திலும் உங்கள் காலத்திலும் ஒன்றுதான். அப்படி ஒன்றைப் பற்றி எழுதுகிறேன்.

எனக்கு இந்தத் தொழிலைப் பழக்கியவர் இந்த ஊரின் பழைய நகரத்துக்காரர், உருது பேசுபவர். அவரிடம் ஒரு விசித்திர வழக்கம் இருந்தது. புதிய நோயாளி வந்து அமர்ந்தால், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்க மாட்டார். "க்யா நை காத்தே?" என்பார். அதாவது, எதைச் சாப்பிட மாட்டீர்கள்? ஒருநாள் காரணம் கேட்டேன். "எதைச் சாப்பிடுகிறாய் என்று கேட்டால் எல்லாரும் நல்ல பிள்ளைகளாகிப் பொய் சொல்வார்கள் பேட்டீ. எதை ஒதுக்குகிறாய் என்று கேள். ஒதுக்குகிற இடத்தில் அவனுடைய வைத்தியர், கடவுள், பயம், பெண்டாட்டி எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் எல்லாரிடமும் பேசி முடிக்காமல் நீ எழுதித் தரும் பேஸ்டு அந்த வீட்டுக்குள் நுழையாது" என்றார்.

அன்று அதை ஒரு வேடிக்கைப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன். அதன் முழு எடையும் என் தோளில் ஏறியது, நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு, சுந்தரேசன் என்பவர் வந்தபோது.

அவருக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. மூன்று தலைமுறையாகச் செகந்திராபாதில் வேரூன்றிய தமிழ்க் குடும்பம். பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் கேலிபரேஷன் பிரிவில் வேலை. பிறர் நம்பி எடுத்தாளும் அளவுக் கருவிகள் சரியாக இருக்கின்றனவா என்று சோதித்துச் சொல்வதே அவர் தொழில். சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மனைவி உமா தம்முடைய சிறுநீரகம் ஒன்றைத் தரச் சம்மதித்து, பொருத்தமும் சரியாக அமைந்து, அறுவைக்கு நாளும் குறித்தாகிவிட்டது. வாயில் தொற்று இல்லை என்ற பல் மருத்துவச் சான்று மட்டும் பாக்கி. அதற்காகத்தான் இருவரும் உப்பலிலிருந்து வந்திருந்தார்கள்.

"ஒரு கையெழுத்துதான் டாக்டரம்மா. அஞ்சு நிமிஷ வேலைன்னு சொன்னா ஆஸ்பத்திரியில" என்றார் உமா, கைப்பையை மடியில்கூட வைக்காமல்.

வாயைத் திறக்கச் சொன்னேன். ஐந்து நிமிட வேலை அல்ல என்பது ஒரே பார்வையில் தெரிந்தது. ஈறுகள் சிவந்து, வீங்கி, தொட்ட இடமெல்லாம் கசிந்தன. பற்களின் கழுத்துப்பகுதியில் வரிசையாகச் சொத்தை. கீழ்க்கடைவாயில் ஒரு பல்லின் அடியில் சீழ். நாக்கு காய்ந்த பலகைபோல் இருந்தது. படித்தவர், சுத்தமான வேட்டி, நெற்றியில் திருநீறு, நகங்கள்கூட ஒழுங்காக வெட்டப்பட்டவை. இந்த மனிதருக்கும் இந்த வாய்க்கும் பொருத்தமே இல்லை. பொருத்தமின்மை கண்ணில் படும்போது, நண்பர்களே, நோயாளியைச் சோம்பேறி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சோம்பேறியின் வாய் வேறு மாதிரி இருக்கும். இது, எதையோ மிகவும் கவனமாகச் செய்துவரும் ஒருவரின் வாய்.

என் ஆசிரியரின் கேள்வியைக் கேட்டேன். "எதையெல்லாம் ஒதுக்கியிருக்கீங்க?"

அவர் முகம் மலர்ந்தது. மாணவன் ஒப்பிப்பதுபோல ஒப்பித்தார். உப்பு இல்லை. பால், தயிர் இல்லை. வாழைப்பழம், இளநீர் இல்லை. காய்கறி எதுவானாலும் வேகவைத்து நீரை வடித்த பிறகே. சாம்பார், ரசம், மோர் எதுவும் இல்லை. குடிநீர், அவரே கோடு கிழித்து அளவிட்ட ஒரு புட்டி. நாள் முழுவதற்கும் அவ்வளவுதான்.

"பல் தேய்க்க?"

"பேஸ்டை நிறுத்திட்டேன்."

"ஏன்?"

சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, ஒரு பற்பசைக் குழாயின் பின்புறத்தைப் படம் பிடித்து வைத்திருந்ததைக் காட்டினார். "நீங்களே படிங்கோ. சோடியம்னு ஆரம்பிக்கறது. நாலு எடத்துல சோடியம். அப்பறம் கால்சியம் பாஸ்பேட். டயட்டீஷியன் என்ன சொன்னா? சோடியம் கூடாது, பாஸ்பரஸ் கூடாது. இது ரெண்டையும் கார்த்தால எழுந்ததும் வாயில போட்டுக்கறதா? கடையில ஒவ்வொண்ணா எடுத்துப் படிச்சுப் பாத்துட்டேன். எல்லாத்துலயும் ஏதாவது ஒண்ணு இருக்கு. அதான் நக்கோ, வேண்டாம்னு விட்டுட்டேன். விரலால வேப்பம்பொடி."

"நக்கோன்னு விட்டது பேஸ்டை மட்டும் இல்லை" என்று உமா இடைமறித்தார். "ப்ரஷ்ஷையும்தான். ரத்தம் வரதாம்."

"தாகத்துக்கு என்ன செய்யறீங்க?"

"கல்கண்டு. அதுக்கு மட்டும் பர்மிஷன் உண்டு. அதுல சோடியமும் இல்லை, பொட்டாசியமும் இல்லை" என்றார், நேர்மையான வெற்றிப் புன்னகையோடு. பேச்சினூடே ஒன்று கன்னத்துக்குள் போய்விட்டிருந்தது.

ஒவ்வொரு விதியையும் அவர் பின்பற்றியிருந்தார். பின்பற்றியதாலேயே வாய் அழிந்திருந்தது. உண்ணும் பொருளுக்கான விதியைத் துப்பும் பொருளுக்குப் பொருத்திவிட்டார். அந்த வித்தியாசத்தை அவரிடம் சொல்ல வேண்டிய இடத்தில் எவரும் இல்லை. உணவியல் நிபுணர் தட்டைப் பார்த்தார், சிறுநீரக மருத்துவர் இரத்தத்தைப் பார்த்தார். பற்பசை இவர்கள் இருவரின் எல்லைக்கும் நடுவில், ஆளில்லாத நிலத்தில் கிடந்தது. அந்த நிலம் நம்முடையது. அதை வேறு யாரும் வந்து உழ மாட்டார்கள்.

முதலில் சான்றைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது கையெழுத்திட முடியாது, அறுவையைத் தள்ளிவைக்க வேண்டும் என்றேன். உமாவின் குரல் உயர்ந்தது.

"கைக்கு? எதுக்குத் தள்ளணும்? பல்லு வலிக்கறதுன்னு அவர் சொன்னாரா? அப்பறமா வந்து காமிச்சுக்கறோம். லீவு போட்டாச்சு, என் டெஸ்ட்டெல்லாம் முடிஞ்சாச்சு. உங்களுக்குப் பல்லு பெரிசா, எங்காத்துக்காரர் உசுரு பெரிசா?"

"உயிருக்காகத்தான் சொல்றேன்மா. உங்க சிறுநீரகத்தை அவர் உடம்பு அந்நியம்னு விரட்டாம இருக்கணும். அதுக்காக உடம்போட காவலையே மருந்து கொடுத்துத் தூங்க வைப்பாங்க. அந்தப் பல்லுக்கு அடியில இருக்கற சீழ் தூங்காது."

அந்நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. அறுவை நடக்கவிருந்த மருத்துவமனையின் ஒருங்கிணைப்பாளர், கனிவான தெலுங்கு இளைஞர். "மேடம், ஒக்க சைனே கதா, ஒரே ஒரு கையெழுத்துதானே! இந்தத் தேதியை விட்டால் தியேட்டர் எப்போது கிடைக்கும் என்று எனக்கே தெரியாது. சின்னக் குறை என்றால் 'பின்னர் சிகிச்சை தரப்படும்' என்று எழுதிக் கொடுங்களேன்" என்றார். எல்லாரும் அப்படி எழுதுவதுண்டு என்பதை அவர் சொல்லவில்லை, குரலில் இருந்தது.

உங்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். நெருக்கடியில் நம்மைத் தடுமாறச் செய்பவர்கள் பெரும்பாலும் தீயவர்கள் அல்லர். அந்த இளைஞர் நல்லவர். உமா அதைவிட நல்லவர். தம் உறுப்பையே அரிந்து கொடுக்க நிற்பவர். நல்லவர்கள் இருவர் கெஞ்சும்போது மறுப்பது கடினம். அப்போது நான் ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டேன்: இந்தத் தாளில் எழுதப் போவது உண்மையா? இல்லை. ஆகவே எழுதவில்லை. ஆனால் மறுப்போடு நிறுத்தினால் அது பாதிக் கடமை. "ஆறு வாரம் கொடுங்கள். அந்த வாயை நான் சரிசெய்து தருகிறேன்" என்று தொலைபேசியில் சொல்லி வைத்தேன். சொன்ன பிறகுதான் என்ன வாக்குக் கொடுத்தோம் என்று உறைத்தது.

சிறுநீரக மருத்துவரோடு பேசி, டயாலிசிஸுக்கு மறுநாளாகப் பார்த்துக் கடைவாய்ப் பல்லை எடுத்தேன். ஈறுகளைச் சுத்தம் செய்தேன். அவை உங்களுக்குத் தெரிந்த வேலைகள். கடினமான வேலை அதன் பிறகு தொடங்கியது: நாள்தோறும் அவர் வாய்க்குள் போக வேண்டிய பற்பசை.

சோடியக் கவலையை முதலில் தீர்த்தேன். அளவுக்காரரிடம் அளவில்தான் பேச வேண்டும். பட்டாணி அளவு பசையை ஒரு தட்டில் வைத்துக் காட்டி, "இதை நீங்க திங்கப் போறதில்லை. துப்பப் போறீங்க. வாயில ஒட்டறது எவ்வளவு இருக்கும், நீங்களே சொல்லுங்க" என்றேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "எர்ரர் லிமிட்டுக்குள்ள" என்றார். அதோடு அந்த வழக்கு முடிந்தது.

எந்தப் பசை என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. உப்பைப் பெருமையாகச் சொல்லி விற்பது வேண்டாம். உப்புக்கு ஏங்கும் அவருக்கு அதை விழுங்கும் சபலம் வரக்கூடாது. கரித்தூள் வேண்டாம், தேய்ந்த பற்கழுத்துகளை இன்னும் அராவும். அதிகம் நுரைப்பது வேண்டாம். வறண்ட வாயில் நுரை புண்ணைக் கிளப்பும். காரமான புதினாவும் கிராம்பும் வேண்டாம். ஃபுளோரைடு கட்டாயம் வேண்டும். அவர் தம் பங்குக்கு ஒன்று சேர்த்தார்: சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி இருக்க வேண்டும். நியாயமான நிபந்தனைதான். ஹப்சிகுடாவில் ஒரு மருந்துக் கடைக்காரரோடு நின்று தேடி, எல்லாம் பொருந்திய ஒன்றைப் பிடித்தோம். கல்கண்டுக்குப் பதிலாகச் சர்க்கரையில்லாத சூயிங்கம் மெல்லச் சொன்னபோது அவர் பட்ட கூச்சம் இன்றும் நினைவிருக்கிறது.

"சூயிங்கமா? இந்த வயசுலயா? ஆபீஸ்ல என்ன நெனைப்பா?"

"மோட்டார் சைக்கிள் ஒண்ணுதான் கொறைச்சல்னு நெனைப்பா" என்றார் உமா.

பத்து நாள் கழித்து வந்தார். கல்கண்டு போயிருந்தது. ஈறு மட்டும் முன்போலவே கசிந்தது. தேய்க்கவில்லை என்பது தெளிவு. கேட்டால் சுந்தரேசன் கூரையைப் பார்த்தார். உமா தரையைப் பார்த்தார்.

கடைசியில் உமாதான் வாய் திறந்தார். "பேஸ்டு போட்டா கொப்பளிக்கணுமோன்னோ? அந்தத் தண்ணியும் பாட்டில் கணக்குலதான். நான்தான் அப்படி வெச்சிருக்கேன். அதனால பல்லுத் தேய்க்கறதை விட்டுட்டு அந்தத் தண்ணியைக் குடிச்சுடறார்."

"கொப்பளிக்கறதைத் துப்பிடறார். அதைக் குடிக்கற கணக்குல சேர்க்கலாமா?"

"துப்பினாத்தானே!" என்றார். "போன மாசம் கொப்பளிக்கறேன் கொப்பளிக்கறேன்னு முழுங்கிண்டே இருந்திருக்கார். எனக்குத் தெரியலை. நுரையீரல்ல தண்ணி ஏறி, மூச்சு முட்டி, நீலமாப் போயிட்டார். ஆம்புலன்ஸ்ல கையைப் பிடிச்சுண்டு போனது நான். உங்களுக்குக் கொப்பளிக்கற தண்ணி. எனக்கு அது அன்னிக்கு ராத்திரி."

சுந்தரேசன், "அது ஒரு தடவைதான்" என்றார்.

பல் அச்செடுக்கும் கலவைக்கு நீர் அளக்கும் கண்ணாடிக் குவளை நம் அறையில் உண்டல்லவா? அதில் கோடு வரை நீர் எடுத்து அவரிடம் கொடுத்தேன். கொப்பளித்து, அதே குவளையில் துப்பச் சொன்னேன். அவரும் தன்னம்பிக்கையோடு வாங்கினார். வாயில் நீர் பட்டதும் கண்கள் மூடின. தொண்டைக்குழி ஒருமுறை ஏறி இறங்கியது. அவர் அறியாமலே நடந்தது அது. துப்பிய நீர் கோட்டைத் தொடவில்லை.

குவளையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, தொழில்காரப் பார்வையோடு நெடுநேரம் பார்த்தார். "கருவியில தப்பில்லை" என்றார். உமா அவர் தோளைத் தொட்டார்.

தாகத்தோடு மன உறுதியை மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது மருத்துவம் ஆகாது. சபலத்தின் வழியையே அடைத்துவிட வேண்டும். வழியும் இருந்தது, நீங்கள் இன்று எல்லாருக்கும் சொல்வதுதான். தேய்த்துவிட்டு நுரையைத் துப்பிவிடுங்கள், நீரால் கொப்பளிக்காதீர்கள். மருந்து பல்லிலேயே தங்கும். நீரே தேவையில்லை, கணக்கும் இல்லை, சண்டையும் இல்லை. முடிச்சு அவிழ்ந்தது என்ற மகிழ்ச்சியில் சொன்னேன்.

இருவர் முகமும் ஒருசேர இறுகியது. அதுவரை எதிரெதிராக நின்றவர்கள் ஒரே பக்கம் போய்விட்டார்கள்.

"எச்சில் வாயோடயா?" என்றார் சுந்தரேசன். "துப்பிட்டு, வாயைக் கொப்பளிக்காம, அப்படியே போய்ப் பூஜையில உக்காந்து பதிகம் சொல்றதா? டாக்டரம்மா, பல்லு எல்லாத்தையும் பிடுங்கிடுங்கோ. அது பரவாயில்லை."

"அது மட்டும் முடியாது" என்றார் உமாவும்.

நேரமோ போய்க்கொண்டிருந்தது. அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது என்பதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. நுரையீரலில் நீர் ஏறினால் எந்தச் சுத்தம் காப்பாற்றும் என்று கேட்க நாக்கு துடித்தது. மருத்துவ அதிகாரத்தோடு உத்தரவு போட்டிருக்கலாம். தலையாட்டிவிட்டு வீட்டில் செய்யாமல் விட்டிருப்பார்கள். நம் உத்தரவுகளில் பெரும்பகுதி இப்படித்தான் குளியலறை வாசலில் உயிர்விடுகின்றன.

"நாளைக்குக் கூப்பிடறேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் விடியலில் அவருக்குச் சொன்னதை நானே செய்து பார்த்தேன். தேய்த்தேன், துப்பினேன், கொப்பளிக்காமல் விளக்கேற்றிப் பூஜையில் அமர்ந்தேன். நாற்பது ஆண்டுகளாக ஒருநாளும் தடைபடாத பதிகம். முதல் அடியின் முதற்சொல்லுக்கே வாய் எழவில்லை. அதைப் பாடிய அடியார்கள் தம் நாவை இறைவனுக்கென்று நேர்ந்துவிட்டவர்கள். அந்த நாவைத் தாங்கும் வாயைக் கழுவாமல் அவர்கள் சொல்லை எடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. எழுந்து போய்க் கொப்பளித்துவிட்டு வந்தேன். சுந்தரேசனின் பிடிவாதத்தைப் பிடிவாதம் என்று அதன் பிறகு நான் எண்ணவில்லை. என்னால் செய்ய இயலாததை, என்னைவிட நூறு மடங்கு தாகத்தில் இருப்பவரிடம் கேட்டிருக்கிறேன்.

ஆனால் அமர்ந்து ஓதி முடித்தபோது ஒன்று புலப்பட்டது. தடையாக இருப்பது கொப்பளிக்காமை அன்று, கொப்பளிக்காமல் வழிபடுவது. இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி வைத்தால்?

அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "ராத்திரி கடைசியா எப்போ சுவாமியை நினைச்சுக் கும்பிடறீங்க?"

"சாப்பாட்டுக்கு முன்னாடி. அப்பறம் படுக்கைதான்."

"அப்போ முக்கியமான தேய்ப்பு ராத்திரிக்குப் போகட்டும். துப்பிட்டுப் படுங்க. காலை வரைக்கும் எந்த மந்திரமும் இல்லை, எந்தத் தோஷமும் இல்லை. மருந்துக்கும் அதுதான் நல்ல நேரம்."

"கார்த்தால?"

"எழுந்ததும் தேய்ச்சுத் துப்பி, நனைச்சுப் பிழிஞ்ச துணியால பல்லையும் நாக்கையும் துடைச்சுடுங்க. அதுக்கப்புறம்..." இந்த இடத்தில் எனக்கே விடை தெரியவில்லை. அதை மறைக்காமல் சொன்னேன். "அதுக்கப்புறம் உங்களுக்குச் சுத்தம்னு எதனால ஆகும்? நீங்க சொல்லுங்க."

மறுமுனையில் நெடுமூச்சு கேட்டது. "குளிச்சுட்டு ஆசமனம் பண்றேனே டாக்டரம்மா. உத்தரணிக் கரண்டியில மூணு சொட்டு தண்ணி உறிஞ்சறது. அது எப்பவும் பாட்டில் கணக்குலதான் இருக்கு. சுத்தி பண்றதுக்குத்தானே அதைச் சொல்லியிருக்கா." சற்று நிறுத்தி, "உமா, ஆசமனம் போறுமோன்னோ?" என்று கேட்பதும், "ஹவ், ஆமா, போறும் போறும். மொதல்ல தேச்சுத் தொலைங்கோ" என்று பதில் வருவதும் கேட்டன.

விடை அவர்கள் வீட்டுப் பூஜையறையிலேயே இருந்தது. அங்கே போய் எடுத்துவர என்னால் முடியாது; கேட்டு வாங்கத்தான் முடிந்தது.

அடுத்த வாரங்கள் எளிதாக இருக்கவில்லை. டயாலிசிஸ் முடிந்த நாட்களில் கைதூக்கவும் வலுவின்றிக் கிடந்தார்; அன்றெல்லாம் உமா தேய்த்துவிட்டார். வலித்தால் அதட்டினார், இரத்தம் வந்தால் துடைத்தார், மறுபடியும் தேய்த்தார். கசிவு குறைந்தது. ஈறு இளஞ்சிவப்புக்குத் திரும்பியது. நாக்கில் ஈரம் கண்டது. புதிய தேதி கிடைத்துவிட்டது என்று ஒருங்கிணைப்பாளர் அழைத்தபோது, ஒரே ஓர் இடம் தவிர வாய் முழுதும் தேறியிருந்தது.

அந்த ஓர் இடம், மேல்வரிசையின் முன்பல். ஆட்டம் நிற்கவில்லை, அழுத்தினால் இன்னும் துளி சீழ் வந்தது. மூன்று மாதம் கிடைத்தால் காப்பாற்றிப் பார்த்திருப்பேன். கிடைத்திருந்தது நான்கு நாள். அந்தப் பல்லை விட்டுவைத்துக் கையெழுத்திட்டால் அது சூதாட்டம். எடுத்தால், புண் ஆறி, அறுவை முடிந்து, மருந்துகளின் கடுமை தணியும் வரை செயற்கைப் பல் பொருத்தவும் மாட்டேன். அதனடியில் பூஞ்சை குடியேறும். பல மாதங்கள் அந்த இடம் வெறுமையாகத்தான் இருக்கும். சொல் ஓட்டை வழியே வழுக்கும். அவரோ ஞாயிறுதோறும் கோயில் குழுவில் முன்னின்று ஓதுபவர்.

எதையும் மென்மையாக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை முடிவு அவருடையது.

சுந்தரேசன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு நிமிஷம் கொடுங்கோ" என்று கண்ணை மூடினார். பிறகு ஒரு பதிகத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஓதினார். உரத்த குரலில் அல்ல. ஆனால் ஒவ்வோர் எழுத்தும் அதனதன் இடத்தில் நின்றது. வெளியே காத்திருந்தவர்களின் பேச்சு அடங்கிவிட்டது. நானும் கையுறையோடு நின்று கேட்டேன். முடித்துவிட்டுப் பின்னால் சாய்ந்தார்.

"எடுங்கோ. இனிமே எப்படி வரதோ அப்படியே அவன் கேட்டுக்கட்டும்."

எடுத்தேன். பஞ்சைக் கடித்தபடி அவர் ஏதோ சொன்னார், காற்றுதான் வந்தது. "என்ன சொல்றார்னு புரியலை. நல்லதாப் போச்சு, இனிமே என்னைத் திட்டினாலும் புரியாது" என்று உமா சிரித்தார், சிரித்துக்கொண்டே புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டாம் நாள் புண்ணைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. சான்றில் கையெழுத்திட்டேன். உண்மையை எழுதும்போது பேனா எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்பதை நீங்கள் ஒருநாள் உணர்வீர்கள்.

அறுவைக்குப் பின் சில நாட்கள் செய்தி ஏதும் இல்லை. நானும் அழைக்கவில்லை, ஓதும்போது மட்டும் அவர்கள் இருவரையும் நினைத்துக்கொண்டேன். பிறகு ஒருநாள் பிற்பகல் உமாவிடமிருந்து அழைப்பு வந்தது. மருத்துவமனைப் படுக்கையிலிருந்து பேசினார்.

"டாக்டரம்மா! ஒண்ணுக்குப் போறார்! ரெண்டு வருஷம் கழிச்சு! பை பையா ரொம்பறது!" இதைவிடப் பெரிய நற்செய்தியை இதே குரலில் சொல்லி நான் கேட்டதில்லை. "இன்னொண்ணு கேளுங்கோ. இப்போ தண்ணி குடிக்கணுமாம். லிட்டர் லிட்டரா. நர்ஸ் அரை மணிக்கொரு தடவை வந்து வெரட்டறா. இவரானா போறும் போறும், வயிறு முட்டறதுங்கறார். நான் இங்கேர்ந்து ஃபோன் போட்டுக் கத்திண்டிருக்கேன், குடிங்கோன்னு!"

அவர் மூச்சு வாங்குவதற்காக நிறுத்தினார். நான் கேட்டேன்: "பல் தேய்க்கறாரா?"

"ஐயோ, சிரிக்க வைக்காதேங்கோ, தையல் இழுக்கறது!" என்று முனகிச் சிரித்துவிட்டு, கணவரின் அறைக்கும் இணைப்பை ஏற்படுத்தினார்.

"தேய்க்கறேன் டாக்டரம்மா" என்றது சுந்தரேசனின் குரல். முன்பல் இல்லாத இடைவெளியில் சொல் சீழ்க்கையடித்தது. "ரெண்டு வேளையும். அதே பேஸ்டு. ஆனா ஒண்ணு கேக்கணும். இப்போதான் தண்ணி வேணுங்கறது இருக்கே. இனிமே தாராளமாக் கொப்பளிக்கலாமோன்னோ?"

"காலையில சுவாமிக்காகக் கொப்பளியுங்க" என்றேன். "ராத்திரி எனக்காகக் கொப்பளிக்காதீங்க."